ஒற்றைச் சிவப்புச் சப்பாத்து

என் மகள் வர்ணம் தீட்டி ஒட்டிவைத்த இரண்டு சிறு உருவங்களை நான் திருடினேன். அன்றைக்கே, அவள் கண்ணால் கண்ட ஒன்றைக் கனவென்று சொல்லி அவளை நம்பவைத்தேன்.

முதலாவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது இன்னும் முடியவில்லை...

மாதம் ஒருமுறை, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டால் நகரத்துக்குத் தமிழ்ப் பூசை வைக்க வரும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள்தான் நான். கோபப்பட்டேன் என்பேன். பொறாமைப்பட்டேன் என்பேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அவர் மன்னித்துவிடுவார்! மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அவ்வளவு மலிவாக இது தீர்ந்துவிடக் கூடாது.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் என்னைப் போலத்தானே? கேட்டவர்களுக்கெல்லாம் "பிளேனில் வந்தோம்" என்று சொன்னவர்கள்தானே?

நானும் பாதி வழி பிளேனில்தான் வந்தேன். கொழும்பிலிருந்து மொஸ்கோ வரைக்கும். அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகுதான் காடுகளும், ஜன்னலை மூடிய வீடுகளும், கடைசியாக அந்த லொறியும்.

என் கணவர் அன்ரன் எண்பதுகளின் கடைசியில், மகள் பிறந்த கையோடு ஜெர்மனிக்கு வந்துவிட்டவர். ஆனால் அவரிடம் இருந்தது அடிக்கடி போய்ப் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக வதிவிடக் கடதாசி. அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு மனைவியையும் பிள்ளையையும் அழைக்க முடியாது. நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலைக்குக் கூரை இருந்தவரைக்கும் படிப்பித்தேன். பிறகு மகள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் கடைசி அது. அவளுக்கு அப்போது ஐந்து வயது.

லொறியில் வெறும் போத்தல்கள் அடுக்கிய பெட்டிகள். அவற்றுக்கு நடுவில் நாங்கள். லொறி குலுங்கும்போதெல்லாம் போத்தல்கள் ஒன்றோடொன்று தட்டிக் கிலுங்கும். நின்றால் அமைதி. அமைதிதான் பயங்கரம்! லொறி நின்ற ஒவ்வொரு முறையும் ஜெனியின் வாயை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். அவள் மூச்சின் சூடு இன்னும் அந்தக் கையில் இருக்கிறது.

எங்களை இறக்கிவிட்ட இடம் ஜெர்மனியில் ஒரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்த லொறித் தரிப்பிடம். விடிந்து சிறிது நேரந்தான் ஆகியிருந்தது. சாரதி லொறியை மூடியிருந்த படங்கின் ஒரு மூலைக் கயிற்றை மாத்திரம் அவிழ்த்தான். பிள்ளையை முதலில் கால் வழியாக வெளியே இழுத்தான். அந்த இழுவையில் அவளுடைய ஒரு சப்பாத்து கழன்று பெட்டிகளுக்குள் விழுந்துவிட்டது. கொழும்பில் வாங்கிய சிவப்புச் சப்பாத்து. தேட நேரமில்லை.

மற்றக் காலில் சப்பாத்தோடு, இந்தக் கால் வெறுங்காலாக, உறைபனி படிந்த தாரில் என் பிள்ளை நின்றாள். அழவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மஞ்சள் கூரைத்துணி போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. கொடி இல்லாத மூன்று கொடிக்கம்பங்கள். தன் லொறியின் படியில் உட்கார்ந்து, குவளையைப் பிடித்துக்கொண்டு பல்லுத் தீட்டிக்கொண்டிருந்த ஒரு கிழட்டுச் சாரதி. அவன் எங்களைக் கண்டான். கண்டவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொடர்ந்து பல்லுத் தீட்டினான். அந்த மனிதனுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

அந்த ஆண்டுதான் சட்டம் மாறியிருந்தது. பாதுகாப்பான வேறொரு நாட்டைத் தாண்டித் தரைவழியாக வந்தவருக்கு இங்கே தஞ்சம் இல்லை என்றார்கள். ஆகவே வந்தவர்கள் எல்லோரும் வானத்திலிருந்து இறங்கினோம்! அன்ரனின் நண்பர் ஒருவர் எங்கள் வரவேற்பறையில் தேநீர் குடித்துக்கொண்டு எனக்குப் புத்தி சொன்னார்.

"அக்கா, நீங்கள் படிச்ச ஆள், சமாளிப்பியள். பிள்ளைதான் பயம். அது எங்கையாவது லொறி எண்டு வாய் திறந்துதோ, கேஸ் அவ்வளவுதான்."

படித்த ஆள்! ஓம், நான் படித்த ஆள்தான். பிள்ளைகளின் மனத்தில் ஒன்றை எப்படிப் பதிய வைப்பது என்று ஆசிரியர் கலாசாலையில் முறையாகக் கற்றவள். அந்த வித்தை முழுவதையும் என் பிள்ளையின்மேல் இறக்கினேன். தலை பின்னும்போது, சோறு தீத்தும்போது, நித்திரையால் எழுப்பும்போது, எதிர்பாராமல் கேட்பேன்.

"ஜெனி, நாங்கள் எப்பிடி வந்தனாங்கள்?"

முதுகை நிமிர்த்துவாள். "பிளேனிலை, அம்மா!"

சரியாகச் சொன்னால் வாயில் ஒரு ரொபி.

விசாரணையில் அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள். எந்தப் பக்கத்து ஆசனம்? சாப்பாட்டுக்கு என்ன தந்தார்கள்? பணிப்பெண்ணின் உடை என்ன நிறம்? என் பாடசாலைக் கூரை எப்படிப் போனது என்று ஒரே ஒரு கேள்வி. விமானத்தில் தந்த கோழிக்கறியைப் பற்றி எத்தனை கேள்விகள்! ஏன் ஓடி வந்தாய் என்பதைவிட எந்த வாசலால் நுழைந்தாய் என்பது பெரிதாகிவிட்ட அந்த அறையை நினைக்கும்போது இன்றைக்கும் என் பல்லு நெருமுகிறது.

கேட்டவர் மரியாதையான மனிதர். அதுவும் எனக்குக் கோபந்தான்.

முதல் முடிவு எங்களுக்கு எதிராக வந்தது. வழக்குப் போட்டோம். வருடங்கள் போயின. ஜெனிக்கு ஒன்பது வயதானது. அவளுக்கு ஜெர்மன் மொழி எங்களைவிட நன்றாக வந்தது. லொறியைப் பற்றி அவள் வாயே திறப்பதில்லை. பாடம் பதிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அவளுடைய வகுப்புத் தோழி காத்யாவின் குடும்பம் மாதிரி ரயில்கள் ஓட்டும் சங்கம் ஒன்றில் இருந்தது. பழைய சரக்குக் கொட்டகை ஒன்றில் பெரிய மேசைகளைப் போட்டு, மலை, சுரங்கம், பாலம், நகரம் எல்லாம் செய்து, அதற்குள் சின்ன ரயில்களை ஓடவிடுகிற பெரியவர்கள். வளர்ந்த ஆண்கள் குனிந்து நின்று விரல் நீள மரங்களை நடுவதைப் பார்த்து முதலில் நான் சிரித்தேன். சங்கத்தின் தலைவர் ஹெர் வோல்ற்றர் எதையும் அளந்துதான் ஒட்டுவார். அந்த வருடக் கண்காட்சிக்காகத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றிருக்கிறார்.

காத்யா குதிரைப் பண்ணை என்றாளாம். வேறொருத்தி சர்க்கஸ் என்றாளாம். ஜெனி லொறித் தரிப்பிடம் என்றாளாம். அவள் பிடித்த பிடியில் நின்றதால் அதுவே முடிவாகிவிட்டது.

"ஏன் பிள்ளை லொறி?" என்று கேட்டேன்.

"சும்மா. வடிவாயிருக்கும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் வர்ணமும் பசையும் மணத்தன. தார்த் தரையாக அவள் எடுத்துக்கொண்டது மரம் தேய்க்கும் மெல்லிய அரத்தாள். அதைச் சாம்பல் நிறமாக்கி, எண்ணெய் சிந்தியது போல அங்கங்கே கறுப்புத் தொட்டாள். உறிஞ்சு குழல்கள் விளக்குக் கம்பங்களாயின. அன்ரன் தான் வேலை செய்கிற உணவகத்திலிருந்து கோப்பி கலக்கும் தடிகளைக் கொண்டுவந்து கொடுப்பார். அவை வேலியாகும்.

"என்ன எஞ்சினியர் அம்மா, ரோட்டு எப்ப திறப்பு விழா?"

"அப்பா, கையை எடுங்கோ! கோடு இன்னும் காயேல்லை!"

"ஊரிலையும் உப்பிடித்தான். ரோட்டுப் போடுறவை எங்களை ரோட்டிலை விடமாட்டினம்."

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்த காலம் வேறில்லை. இதையும் நான்தான் முடித்துவைத்தேன்...

ஒருநாள் மூன்று கம்பங்களை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு, "கொடியை மறந்திட்டியே?" என்றேன்.

"அங்கை கொடி இல்லை, அம்மா."

அங்கை! அந்தச் சொல் என் காதுக்குப் பக்கத்தால் போனது. நான் பிடிக்கவில்லை. வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி நாளன்று தாய்மார் எல்லோரும் ஏதாவது சாப்பாடு கொண்டுவர வேண்டும். நான் ரோல்ஸ் கொண்டுபோனேன். தட்டை மேசையில் வைக்கவும் ஹெர் வோல்ற்றர் என் முழங்கையைத் தொட்டு, வாருங்கள், மகளின் வேலையைப் பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்.

பார்த்தேன்.

மஞ்சள் கூரைத்துணி. கொடி இல்லாத மூன்று கம்பங்கள். ஒரு லொறியின் படியில் உட்கார்ந்து வாயில் கையை வைத்திருக்கிற கிழவன். அரத்தாளின்மேல் வெள்ளையாக உறைபனி. எங்கள் மேசையில் துண்டு துண்டாகக் கண்டவை எல்லாம் அங்கே ஒன்றாகச் சேர்ந்து, நான்கு வருடம் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டன.

ஓரத்தில் நீலப் படங்கு போட்ட ஒரு லொறி. படங்கைச் சுற்றி நூல் கோத்துக் கட்டியிருந்தாள். ஒரு மூலை மாத்திரம் அவிழ்ந்து தொங்கியது. அதற்குக் கீழே என் விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பெண். பச்சைக் கோட். எங்களைக் களவாக அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் வழியில் எனக்குத் தந்த அதே பச்சை! அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. குழந்தையின் ஒரு காலில் சிவப்புப் புள்ளி. மற்றக் காலில்... ஒன்றுமில்லை. தோலின் நிறம்.

அந்த உருவங்களை அவள் சங்கத்தில் வைத்தே, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வர்ணம் தீட்டியிருக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

"இந்தப் பச்சைக் கோட்டுக்காரி நீங்கள்தானாமே!" ஹெர் வோல்ற்றர் ஜெர்மனில் சொல்லிச் சந்தோஷமாகச் சிரித்தார். "உங்கள் மகள் சொன்னாள். பின்நேரம் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள். முதலில் இந்த மூலையைத்தான் காட்டப்போகிறேன்."

அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சிறுமியின் கைவேலையில் பெருமைப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கேட்டது வேறு. பத்திரிகையில் படம். படத்தின் கீழே எங்கள் பெயர். அதை வெட்டி எங்கள் வழக்கோடு இணைக்கும் ஒரு கை...

நீங்கள் சிரிக்கலாம். நகத்தளவு பொம்மைக்கு எந்த நீதிமன்றம் பயப்படும் என்று கேட்கலாம். கேட்காதீர்கள்! கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

எல்லோரும் கோப்பி குடிக்க அடுத்த அறைக்குப் போனார்கள். ஜெனி காத்யாவோடு ஓடினாள். நான் பின்தங்கினேன்.

பெண்ணை நகத்தால் நெம்பினேன். காலடியில் சிறிது அரத்தாளும் சேர்ந்து பிய்ந்து வந்தது. குழந்தை கைகோத்தபடியே கூட வந்தது. கைக்குட்டையில் முடிந்தேன். பிறகு... இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுகிறது... தொங்கிக்கொண்டிருந்த அந்தப் படங்கு மூலையை இழுத்து, நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டேன். அழகாக. உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு நல்ல லொறியாக அது மாறிவிட்டது.

கைக்குட்டையைக் கைப்பைக்குள் வைத்தேன்.

பின்நேரம் படம் எடுப்பவர் வந்தார். மலையைச் சுற்றி வந்த நீராவி எஞ்சினைப் படமெடுத்தார். சங்கத் தலைவரை எஞ்சினோடு நிற்கவைத்து எடுத்தார். ஒரு ரோல்ஸ் சாப்பிட்டார். போய்விட்டார். லொறித் தரிப்பிடத்தின் பக்கம் அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

அதற்கு முன்னமே உருவங்கள் இல்லாததை ஜெனி கண்டுவிட்டாள். "காணேல்லை" என்று ஒரே ஒரு சொல். பிள்ளைகள் தரையில் தவழ்ந்து தேடினார்கள். ஹெர் வோல்ற்றர் முழங்கால் வலியோடு குனிந்து மேசைக்குக் கீழே டோர்ச் அடித்தார். நானும் முழங்காலில் நின்று தேடினேன். ஓம், நானும் தேடினேன்! கைப்பையைத் தோளில் மாட்டியபடி.

"இஞ்சை இல்லையடா, பிள்ளை," என்றேன்.

வீடு திரும்பும்போது, தலைக்குமேல் தண்டவாளத்தில் தொங்கி ஓடும் எங்கள் நகரத்துத் தொங்கு ரயிலில் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கீழே ஆறு. பெட்டியில் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. இருந்தும் நான் குரலைத் தாழ்த்தினேன்.

"ஏன் பிள்ளை அந்தப் பொம்மையை அங்கை வைச்சனீ?"

"அது நாங்கள், அம்மா."

"நாங்கள் எப்பிடி வந்தனாங்கள்?"

அவள் முதுகை நிமிர்த்தவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். "பிளேனிலை. பிறகு லொறியிலை. போத்தல் சத்தம் கேட்டதெல்லே? நீங்கள் என்ரை வாயைப் பொத்தினனீங்கள்."

"அது கனவு, ஜெனி. வந்த புதிசிலை உனக்குச் சரியான காய்ச்சல். காய்ச்சலிலை கண்ட கனவு."

"சப்பாத்து?"

"சப்பாத்தை நீ எயார்போட்டிலை துலைச்சனீ. ஓடுற படி இருக்கெல்லே, அதுக்குள்ளை மாட்டுப்பட்டது."

பார்த்தீர்களா? எவ்வளவு வேகம்! எவ்வளவு நேர்த்தி! அந்த ஓடுகிற படிக்கட்டு என் வாயில் எங்கிருந்து வந்தது? நல்ல ஆசிரியை நான். வெறுமனே மறுத்தால் பிள்ளை மறக்காது. பழையதன் இடத்தில் புதியதை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப அந்த அங்கிள்? பல்லுத் தீட்டினவர்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு, "ஓ..." என்றாள்.

அந்த 'ஓ'வைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். ஒரு பிள்ளை தன் கண்ணைவிடத் தாயை நம்புவது என்று முடிவெடுத்த ஓசை அது.

வீட்டில் அன்ரனிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "நீர் செய்தது பிழையெண்டு சொல்ல என்னாலை ஏலாது. கேஸ் முடியட்டும் ரீற்றா. பிறகு ஆறுதலாய் எல்லாத்தையும் சொல்லுவம்."

பிறகு! எங்கள் ஆட்களின் வாயில் இந்தச் சொல் எவ்வளவு இலகுவாக வருகிறது. பிள்ளையின் தலைக்குள் இருப்பதும் பெட்டியில் பூட்டிவைத்த சேலையா, வேண்டிய நேரம் எடுத்து உதறிக் கட்டிக்கொள்ள?

ஜெனி அந்தச் சங்கத்துக்கு அதன் பிறகு போகவில்லை. அழுது அடம்பிடித்து நிறுத்தவில்லை. நீந்தப் பழகப் போகிறேன் என்றாள். போனாள். அவ்வளவுதான்.

இந்த வருடம் எங்களுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. எதற்காகத் தெரியுமா? இத்தனை வருடம் இங்கே வாழ்ந்துவிட்டோம், அன்ரனுக்கு நிரந்தர வேலை இருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது... அதற்காக! எந்த வழியால் வந்தீர்கள் என்று கடைசியில் ஒருவரும் கேட்கவில்லை. கோழிக்கறியும் பணிப்பெண்ணின் உடையும் எங்கேயோ ஓர் அலுமாரியில் தூசு பிடித்துக் கிடக்கின்றன. அவற்றுக்காகத்தான் நான் என் பிள்ளையின் கண்ணைக் குத்தினேன்!

யாரைத் திட்டுவது? சட்டம் எழுதியவர்களையா? தேநீர் குடித்துப் புத்தி சொன்னவரையா? திட்டுகிறேன், எல்லோரையும் திட்டுகிறேன். திட்டி முடித்துக் கையைப் பார்த்தால், அந்த முடிச்சைப் போட்ட விரல்கள் என்னுடையவை.

சென்ற மாதம் ஜெனியின் பதினோராவது பிறந்தநாள். காத்யாவும் மற்றப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். யாரோ விமானப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுக்க, ஜெனி தான் ஜெர்மனிக்கு வந்த கதையைச் சொன்னாள். ஜன்னலோர ஆசனமாம். கீழே மேகம் பஞ்சு போல் இருந்ததாம். பணிப்பெண் தோடம்பழச் சாறு தந்தாளாம். பிராங்க்பேர்ட் விமான நிலையத்தில் ஓடுகிற படி தன் சிவப்புச் சப்பாத்தைத் தின்றுவிட்டதாம். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கத்தி என் கையில் நின்றுவிட்டது. தோடம்பழச் சாறு நான் சொல்லிக் கொடுத்ததல்ல. அவளே சேர்த்துக்கொண்டது.

பிள்ளைகள் போனபிறகு, அலுமாரியிலிருந்த பச்சைக் கோட்டின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். இந்த இரண்டு வருடமும் அது அங்கேதான் இருந்தது. மேசையில் அவிழ்த்து வைத்தேன்.

"இஞ்சை பார், ஜெனி. இதை நான்தான் எடுத்தனான். நான் சொன்னது பொய். நாங்கள் லொறியிலைதான் வந்தனாங்கள். போத்தல் சத்தம் உண்மை. சப்பாத்து லொறிக்குள்ளைதான் விழுந்தது. எல்லாம் நீ கண்டது, பிள்ளை. கனவில்லை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக முதுகை நிமிர்த்தினாள். ஐந்து வயதில் நிமிர்த்தியதைப் போலவே.

"பிளேனிலை, அம்மா," என்றாள்.

மறந்துவிட்டாளா? அல்லது இதுவும் ஒரு சோதனை என்று நினைத்தாளா, சரியாகச் சொன்னால் நான் ரொபி தருவேன் என்ற அந்தப் பழைய சோதனை? எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை...

"இல்லை ஜெனி, இனிப் பயமில்லை, நீ..."

அவள் அந்தக் குழந்தை உருவத்தைப் பெண்ணோடு சேர்த்து விரல் நுனியில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அட, ஒரு சப்பாத்துக்குப் பெயின்ற் அடிக்க மறந்திருக்கிறன்."

எழுந்துபோய்த் தன் வர்ணப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மிக மெல்லிய தூரிகையைச் சிவப்பில் தொட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வெறுங்காலை மூடினாள்.

"இப்ப சரி," என்று சொல்லி, காய்வதற்காக ஜன்னலோரத்தில் வைத்தாள்.

நான் தடுக்கவில்லை.